புயலிலே ஒரு தோணி: 3 தடவ ஆரம்பிச்சும் நாப்பது பக்கத்த தாண்ட முடியல, என்னா செய்றது?

பட்டர்வொர்த்_பெரி
வணக்கம். நான் சனிக்கெழம ஆனா பெரி (ஆளுங்கள ஏத்திட்டு போற கப்பல்) ஏறி பினாங்கு ஜார்ஜ்டவுன் போயி, லெபோ பினாங்கு, லெபோ பாசார்ங்கிற தெருங்க பக்கம் காக்கி லீமால (கடைங்களுக்கு முன்னாடி இருக்குற நடபாதைல) ஸ்டூல் போட்டு உக்காந்து ஸ்கெட்ச் போடுற ஆளு. பெரிய ஆர்ட்டிஸ்ட் எல்லாம் இல்ல, ஆபீஸ் டென்ஷன் போறதுக்குதான். ஒரு நாளு ஒரு அங்கிள் பின்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு "இந்த சடக்கயெல்லாம் (தெருவயெல்லாம்) வரையிறியே, ப.சிங்காரம் படிச்சிருக்கியாம்மா"ன்னாரு. இல்ல அங்கிள்னேன். அவரு மூஞ்சி போன போக்க பாக்கணுமே, என்னமோ நான் பசியாறாம வந்துட்ட மாரி.

சரின்னு சிங்காரம் எழுதுன புயலிலே ஒரு தோணி நாவல வாங்கிட்டேன். ஆனா ஆரம்பமே பினாங்கு இல்ல, இந்தோனேசியா மேடான், ஜப்பான்காரன் உள்ள வர்றான், டச்சு பேருல சடக்கு, யாரு யாருகிட்ட பேசுறான்னே தெரியல, திடீர்னு மதுர, சின்ன வயசு ஞாபகம், மறுபடி மேடான். 3 தடவ ஆரம்பிச்சாச்சு, மூனு தடவயும் அதே எடத்துல புக்மார்க் நிக்கிது. என் தமிழ்தான் மோசமா, இல்ல இந்த புக்கே இப்படித்தானா? பினாங்கு வர்ற எடத்துக்கு நேரா தாவிரலாமா? ஸ்பாய்லர் போடாதீங்க ப்ளீஸ்.

செந்தூல்_கோட்டர்ஸ்
தமிழ் மோசமெல்லாம் இல்ல லா, எனக்கும் ரெண்டு வருஷம் அலமாரில தூங்குன புக்குதான் அது. நீங்க செஞ்ச ஒரே தப்பு, ரெண்டாவதா படிக்க வேண்டியத மொதல்ல எடுத்தது. அவரு மொத்தம் எழுதுனதே ரெண்டு நாவல்தான். மொதல்ல வந்தது கடலுக்கு அப்பால், 1959. வட்டிக்கடைல வேல பாக்குற செல்லையா, மொதலாளி மக மரகதம், நடுவுல இவன் நேதாஜி படைக்கு போய்ட்டு வந்தது, இதான் கதை. சின்ன புக்கு, நேரா போகும், நீங்க உக்காந்து வரையிற சடக்கெல்லாம் அதுல வரும். அந்த மொதலாளி என்னா மாரி ஆளு, கணக்கு பொஸ்தகத்துக்கும் பாசத்துக்கும் நடுவுல அந்த மனுசன் படுற பாடு, அது புரிஞ்சிட்டா தோணில வர்ற பாதி பேர ஏற்கனவே தெரிஞ்ச மாரி இருக்கும். தோணி புக்கா வந்தது 1972ல.

தாவாதீங்க. அவரு சிங்கம்புணரிக்காரரு, 1938ல 18 வயசுல கப்பலேறி மேடான்ல ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்கு வந்து 1946ல ஊருக்கு திரும்பி போனவரு. அந்த வயசு பையனுக்கு உடம்பு இங்கயும் மண்ட அங்கயும்தான கெடக்கும்? தோணியோட நாயகன் பாண்டியன் நடந்துகிட்டே மனசுல மதுர கடைத்தெருவுக்கு போய்ட்டு வர்றது அதான். குறிப்பு எடுத்து, யாரு என்னான்னு கோடு போட்டு படிச்சா சலிச்சிரும், அப்படியே விட்டுருங்க, ஓடட்டும். இன்னொன்னு, வாய் விட்டு படிங்க. நாங்க நாலு கூட்டாளிங்க ஞாயித்துக்கெழம ராத்திரி வீடியோ கால் போட்டு ஆளுக்கு ரெண்டு பக்கம் சத்தமா படிச்சோம். கண்ணால பாக்கும்போது யாரு பேசுறான்னு தெரியாத எடம், காதுல விழுந்தா டக்குன்னு தெரியிது. ஒருத்தன் கிண்டலா இழுப்பான், ஒருத்தன் வெட்டி வெட்டி பேசுவான்.

அப்புறம் நமக்கு ஒரு லாபம் இருக்கு. துவான் (ஐயா), தொங்கான் (பாய்மரக் கப்பல்)னு மலாய் பக்கத்து வார்த்த வரும்போது தமிழ்நாட்டுல இருக்குறவங்க அர்த்தம் தேடணும், நம்ம பாட்டுக்கு போய்கிட்டே இருக்கலாம்.

பால்மரத்து_பேத்தி
நான் எதிர்க்கட்சி, மன்னிச்சிருங்க. புக்கு பெரிய புக்குதான், மறுக்கல, முழுசா படிச்சிட்டுதான் பேசுறேன். ஆனா எங்க பாட்டி காலைல 4 மணிக்கு எந்திரிச்சு நெத்தில வெளக்க கட்டிக்கிட்டு ரப்பர் தோட்டத்துல பால் வெட்ட போனவங்க, அந்த சனம் இதுல எங்க? கிட்டங்கி, வட்டிக்கடை, ஆம்பளைங்க உக்காந்து குடிச்சிகிட்டே பேசுறது, அப்புறம் சண்ட. பொம்பளைங்க வர்றதெல்லாம் ஓரத்துலதான். "மலாயா தமிழன பத்தி இதான் நாவல்"னு யாராச்சும் சொன்னா எனக்கு சுருக்குன்னு இருக்கும்.

அதே ஜப்பான் காலத்த தோட்டத்து பக்கமிருந்து பாக்கணும்னா அ.ரெங்கசாமியோட நினைவுச் சின்னம் படிங்க. சயாம் மரண ரயில் பத்தினது. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர்ல முடிச்சான், அதுக்கு தோட்டம் தோட்டமா ஆள் புடிச்சிட்டு போனான், போனவங்க நெறைய பேரு திரும்பல. எங்க பாட்டியோட அண்ணன் அதுல ஒருத்தரு. வீட்டுல அவருக்கு ஒரு படம்கூட கெடையாது, தீவாளிக்கு மொதல் நாளு படையல் போடும்போது ஒரு எலைய தனியா போடுவாங்க, அவ்ளோதான். நான் அந்த நாவல படிச்சப்பறம்தான் அந்த எல யாருக்குன்னே கேட்டேன்.

செந்தூல்_கோட்டர்ஸ்
அக்கா நீங்க சொல்றது சரிதான். தோட்டத்த அவரு எழுதல, அவரு பாத்தது டவுன், கடை, படை. தெரியாதத எழுதாம விட்டதும் நல்லதுதான்னு நான் நெனைக்கிறேன், ஆனா "இதான் நாவல்"னு சொல்றவங்க மேல எனக்கும் கோவம் இருக்கு. அந்த எல மேட்டர் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் டைப் பண்ண முடியல.

ஈரத்தாள்
எல்லாரும் புக்கு பேசுறீங்க, நான் குறுக்க வந்துட்டேன் சாரி. பட்டர்வொர்த், பினாங்கு காத்துல உங்களுக்கு கலர் காயிதா? எனக்கு மொத வாஷ் (தண்ணி கலந்த கலர் பூச்சு) போட்டு கோப்பி குடிச்சிட்டு வந்தாலும் ஈரமாவே இருக்கு. போன மாசம் பேலட்ட (கலர் தட்ட) தொறந்தா பூஞ்ச. 80 வெள்ளி (ரிங்கிட்) போச்சு.

பட்டர்வொர்த்_பெரி
அலாமா, ஈரத்தோட மூடி வச்சீங்களா? வீட்டுக்கு வந்ததும் தொறந்து ஃபேனுக்கு கீழ ஒரு ராத்திரி வைங்க, நல்லா காஞ்சப்பறம்தான் மூடணும். பேப்பரயும் அப்படியே அலமாரில போடாதீங்க, ஜிப் பைல சிலிக்கா பாக்கெட்டோட போடுங்க, ஈரம் ஏறிட்டா மேல பூசியிருக்குற பசை போயிரும், அப்புறம் கலர் மை ஒத்துற தாள் மாரி உள்ள இழுத்துக்கும், அங்கங்க புள்ளி புள்ளியா நிக்கும். 300 கிராம் பஞ்சு பேப்பர் வெல ஜாஸ்திதான், நான் ஒரு தாள நாலா கிழிச்சிக்கிறேன். அவசரம்னா மொத்தமா வாஷ் அடிக்காம பேனாவுல கோடு போட்டுட்டு நெழலுக்கு மட்டும் கலர் வைங்க. நான் இப்போ அப்படித்தான், சோம்பேறித்தனம்னும் சொல்லலாம்.

பட்டர்வொர்த்_பெரி (ரெண்டு வாரம் கழிச்சு)
அப்டேட். கடலுக்கு அப்பால் ரெண்டு நாள்ல முடிஞ்சிருச்சு. முடிவ பத்தி பேச மாட்டேன், ஆனா கடைசி பக்கம் படிச்சிட்டு மொட்டமாடிக்கு போய் நின்னேன், அம்மா என்னாடின்னு கேட்டாங்க.

தோணியும் நாப்பது தாண்டிருச்சு!! தொங்கான்ல கடல தாண்டுற எடம் பெரில போகும்போது படிச்சேன், அதே தண்ணிதான ஒரு வகைல, நம்ம பத்து நிமிஷத்துல மெத்து மெத்துன்னு போறோம். அப்புறம் நான்கிங் ஹோட்டல்ல கூட்டாளிங்க உக்காந்து பழைய இலக்கியத்தயெல்லாம் கிழி கிழின்னு கிழிக்கிற எடம், ரூம்ல சத்தமாவே படிச்சேன், பாதி புரியல ஆனா சிரிப்பு வந்துச்சு. பெரி வந்து நின்னதுகூட தெரியாம ஒரு நாளு உக்காந்திருந்தேன், காவலாளி வந்து "அடேக், டா சம்பாய்" (தங்கச்சி, வந்து சேந்தாச்சு)ன்னு எழுப்பி விட்டாரு.

பேத்தி அக்கா, நினைவுச் சின்னம் தேடிகிட்டு இருக்கேன், ரெண்டு கடைல இல்லன்னுட்டாங்க. உங்ககிட்ட இருந்தா ஒரு மாசத்துக்கு எரவல் குடுப்பீங்களா? அட்ட போட்டு பத்திரமா வச்சுக்குவேன்.

பால்மரத்து_பேத்தி
இருக்கு, ஆனா போஸ்ட்ல அனுப்ப மாட்டேன், கையில குடுத்துத்தான் பழக்கம். அடுத்த சனிக்கெழம தங்கச்சி வீட்டுக்கு பாயான் லெப்பாஸ் வர்றேன். எத்தன மணிக்கு உக்காருவீங்க?

பட்டர்வொர்த்_பெரி
பத்து மணிக்கு, மழ இல்லன்னா. கைலி கடைக்கு எதுத்தாப்புல காக்கி லீமால இருப்பேன். ஸ்டூல் ஒன்னுதான் இருக்கு, உங்களுக்கு நீங்க கொண்டாந்துருங்க. அந்த அங்கிள்தான் இன்னும் கண்ணுல படல.