ஓவியம், துணி, சுவர்: மூன்றிலும் ஒரே கையால் வாழ முடியுமா?

கேள்வி

வணக்கம். ஏழு ஆண்டுகளாகச் சென்னையில் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்து வருகிறேன். குடை பிடித்த காக்கை, மூக்குக்கண்ணாடி அணிந்த பூசணிக்காய் என்று என் படங்களில் விளையாட்டு சற்று மிகுதி. அதைப் பார்த்துவிட்டு ஒரு துணிக்கடைக்காரர் ரவிக்கைத் துணிக்கு வடிவம் கேட்டார். பிறகு ஓர் உணவகத்தார் தம் சுவருக்குக் கேட்டார். இரண்டையும் மகிழ்ச்சியோடு செய்தேன். ஆனால் தைத்து வந்த ரவிக்கையைக் கையில் வாங்கியபோது, கைக்குழித் தையலில் காக்கையின் தலை வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து மனத்தில் ஒரு கலக்கம். "ஒன்றில் ஊன்றி நில்" என்கிறார்கள் வீட்டில். மூன்று துறைகளிலும் காலூன்றுவது நடக்கக்கூடியதா? முறையாகப் படித்த பிறகுதான் இறங்க வேண்டுமா?

பதில் 1 (ஓவிய வரலாறு கற்பிப்பவர்)

நடக்கக்கூடியதுதான். பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா தெலோனேயின் வாழ்க்கையைப் பாருங்கள். 1911இல் பிறந்த தம் மகனுக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த ஒரு போர்வையிலிருந்துதான் அவருடைய வண்ண மொழி வளர்ந்தது. 1913இல் பிளேஸ் சாந்த்ராரின் நெடுங்கவிதை ஒன்றுக்கு, விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும் தாளில் வண்ணம் தீட்டினார். அதே ஆண்டில் அதே வண்ணத் துண்டுகளை ஆடையாகவும் தைத்து அணிந்தார். 1917இல் ரஷ்யப் புரட்சியால் குடும்பச் சொத்திலிருந்து வந்த வருவாய் நின்றுபோனபோது, மத்ரித் நகரில் ஆடைகளும் வீட்டு அலங்காரமும் விற்கும் கடையைத் திறந்து, அந்த வருவாயில் குடும்பத்தை நடத்தினார். கடை நடத்தியதால் அவருடைய ஓவியம் தாழ்ந்துவிடவில்லை. 1964இல் லூவர் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகளின் கண்காட்சி நடந்தது.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தினர், மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

பதில் 2 (கரூரில் துணி அச்சிடுபவர்)

காக்கையின் தலை வெட்டுப்பட்டதற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமன்று. நூலின் பக்கத்துக்கு வரைவதுபோல் துணிக்கும் வரைந்ததுதான் காரணம். பக்கத்துக்கு எல்லை உண்டு, துணிக்குக் கிடையாது. ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருவதைத்தான் நாங்கள் ரிப்பீட் என்கிறோம். உருளைத் திரையில், அதாவது நுண்துளைகள் வழியே வண்ணத்தைத் துணியில் இறக்கும் உருளையில் அச்சிடும்போது, அதன் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. என்பதால், உங்கள் வடிவத்தின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமின்றி அடங்க வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் திரை செய்ய வேண்டியிருப்பதால், ஒன்பது வண்ணங்களில் வரைந்து வருபவரிடம் நான் முதலில் சொல்வது, நான்கு வண்ணங்களில் மறுபடி வரைந்து வாருங்கள் என்பதே. குறைந்த அளவுக்கு டிஜிட்டல் அச்சு போதும். அதில் வண்ணக் கணக்கு இல்லை, மீட்டர் விலைதான் கூடும்.

காக்கைகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றால், தையற்காரர் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டியிருக்கும், துணி வீணாகும். அவற்றைப் பல திசைகளில் சிதறவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலத்துக்குள் அடக்கிவிடுங்கள். தையல் எங்கே விழுந்தாலும் பக்கத்தில் முழுக் காக்கை ஒன்று இருக்கும். சுவரின் கணக்கு வேறு. சுவர்த்தாள் பெரும்பாலும் 53 செ.மீ. அகலச் சுருளாக வரும். இரண்டு தாள்கள் சேரும் விளிம்பில் வடிவம் பிசகாமல் பொருந்த வேண்டும். அறையில் சோபா எங்கே வரும் என்று முதலில் கேளுங்கள். அதன் பின்னால் மறையும் மூன்றடியில் நல்ல உருவம் எதையும் வைக்க வேண்டாம்.

பட்டப் படிப்பு கட்டாயமில்லை என்பதே என் கருத்து. ஓர் அச்சுக்கூடத்தில் இரண்டு மாதமும், ஒரு தையற்காரரின் மேசையருகே ஒரு மாதமும் இருந்து பாருங்கள்.

பதில் 3 (ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர்)

துறை மாறும்போது உரிமையின் கணக்கும் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளை உரிமையாளரோ அவருடைய ஒப்புதல் பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்தால், அவ்வடிவத்துக்கான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வடிவத்தை வெளியிடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இன்ஸ்டாகிராமில் போட அவசரப்படாதீர்கள். சுவரோவியத்துக்குப் பணம் பெறும் முன், உரிமை யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து வரையச் சொன்னவரே ஓவியத்தின் முதல் உரிமையாளர் ஆகிவிடக்கூடும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உணவகத்தாரிடம் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, நாளையே பேசுகிறேன். காக்கைகளைச் சிறிதாக்கி, 32 செ.மீ. உயரத்தில் புதிதாக வரையத் தொடங்கிவிட்டேன். கறுப்பு, குடைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நான்கு வண்ணங்கள் ஆகிவிட்டன. காக்கையின் கழுத்துச் சாம்பலுக்கு ஐந்தாவது திரை வேண்டுமா, ஐயா?

பதில் 2 எழுதியவர்

வேண்டாம் அம்மா. கழுத்துப் பகுதியில் கறுப்பையே நுண்புள்ளிகளாக விட்டு வரையுங்கள். துணியில் சாம்பலாகத் தெரியும்.