சாரல் முக்காடும் சாரல் கூண்டும்: படகின் இறங்குவழி மறைப்புக்கு ஒரு கலைச்சொல்

அன்புடைய நண்பர்களுக்கு, வணக்கம்.

கடலோடும் சிறு பாய்மரப் படகில், காக்பிட் எனப்படும், படகைச் செலுத்துபவர் அமரும் திறந்த பள்ளத்திலிருந்து அறைக்குள் இறங்கும் திறப்பின்மேல், குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்திய மறைப்பு ஒன்று நிற்கும். பிரிட்டனில் அதை ஸ்பிரே ஹுட் என்பார்கள், அமெரிக்காவில் டாட்ஜர் என்பார்கள். இதற்குத் தெறிகூண்டு, நீர்த்தடுப்புக் கூரை, அலைக்கவிகை ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன். இம்மறைப்பைத் தைப்பது பற்றி நாம் எழுதும் கையேடு கிருஷ்ணகிரியில் லாரித் தார்ப்பாயும் ஆட்டோ டாப்பும் தைக்கும் குஷன் கடைக்காரர்களுக்கானது. அவர்களில் பெரும்பாலோர் இப்படியொரு படகில் ஏறியிருக்க மாட்டார்கள். ஆகவே, சொல்லைக் கேட்டதும் எதை வெட்ட வேண்டும், எதை வளைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஓரளவாவது புலப்பட வேண்டும் என்பதே என் அளவுகோல்.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். தெறிகூண்டு என்பது வினைத்தொகையாக நின்று, தெறிக்கின்ற கூண்டு என்றே பொருள் தரும். சுடுகாடு, ஊறுகாய் என்று பழகிய காது அதை வேறு விதமாகப் பிரிக்காது. தண்ணீரைத் தடுக்க வைத்த பொருள் தானே தெறித்துப் போவதாகப் பெயர் சூட்டுவது, தைப்பவருக்கும் வாங்குபவருக்கும் நல்ல சகுனமாக இராது. முன்னொட்டாக ஒரு பெயர்ச்சொல்லே வர வேண்டும். திவலை சரியான சொல்தான், ஆனால் அது துளியை மட்டுமே காட்டுகிறது. சாரல் என்றால் காற்று சாய்த்து அடிக்கும் நீர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல்லில் அருவியிலிருந்து எழுந்து முகத்தில் படுவதையும் நாம் சாரல் என்றே சொல்கிறோம். எனவே அது மழைக்கு மட்டும் உரியதன்று.

அந்தச் சாய்வுதான் வடிவமைப்பின் உயிர்நிலையும் ஆகும். காற்றை எதிர்த்து மூலைவாட்டாகச் செல்லும் படகில், அலையை முட்டும் அணியத்தின் (படகின் முன்முனையின்) காற்றடிக்கும் பக்கத்திலிருந்து நீர் எழும்பி, படகின் குறுக்கே சரிந்து பின்னோக்கி வரும். முன்புறத்தை மட்டும் மறைத்து இருபக்கமும் திறந்து விட்டால், துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும்போது மழைக்கு உதவும். ஓட்டத்தில் இறங்குவழிப் படிகள் நனைந்துகொண்டே இருக்கும். ஆகையால் பக்கத் துணிகளைக் காக்பிட் விளிம்புவரை பின்னுக்கு இழுத்துத் தைக்கிறார்கள். ஆனால் அங்கே பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான விஞ்சு நிற்கிறது. அதன் கைப்பிடி வழக்கமாக 250 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது முழுவட்டம் சுற்ற வேண்டும், சுற்றும் கையின் முட்டியும் துணியில் உரசக் கூடாது. ஒரு சாண் கூடுதலாக மறைக்க நினைத்து விஞ்சையே பயனற்றதாக்கிய மறைப்புகள் உண்டு.

கூரை என்ற சொல்லின்மேல் எனக்குள்ள குறை உயரத்தைப் பற்றியது. கூரை என்று கேட்டவுடன் தைப்பவர் தலைக்குமேல் தாராளமாக இடம் விட நினைப்பார். சுக்கான் பிடிப்பவர் உட்கார்ந்தும் நின்றும் முன்னே பார்க்க வேண்டும். மறைப்பின் மேல்விளிம்புக்கு மேலாகப் பார்க்கலாம், அல்லது அதில் தைத்த, ஒளி ஊடுருவும் பார்வைத்துணி வழியாகப் பார்க்கலாம், ஆனால் விளிம்பு கண்மட்டத்திலேயே வந்து நிற்பதைப் போலத் தொல்லை வேறில்லை. அதற்குமேல் பாயின் அடிக்கட்டையான பூம் இருக்கிறது. பாயைச் சுருக்கும்போது அது சற்றே தாழ்ந்து ஆடும் என்பதால், அமைதியாக நிற்கும் படகில் எடுத்த அளவை அப்படியே நம்பக் கூடாது. கவிகையின் சிக்கல் வேறு: அது குடை, அதற்கு நடுக்கம்பு உண்டு. கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டு, பிறகு அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.

இனி எஞ்சுவது கூண்டா, முக்காடா என்பது. கூண்டு வண்டி ஓடிய ஊர்களில் கூண்டு என்பது மூங்கிலை வளைத்துப் பாய் போர்த்திய மறைப்பு. உருவத்தில் நம் பொருளுக்கு மிக அருகில் வருவது அதுதான். சிறையும் நீதிமன்றமும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன என்ற ஒரு நண்பரின் மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மறுப்பு, வண்டிக் கூண்டு மடங்காது என்பதே. படகில் மடங்குவது வசதிக்காக மட்டும் அன்று. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும். நன்கு இழுத்துக் கட்டிய துணி அதைத் தாங்கிக்கொள்ளும். நொடிக்கு வெறும் 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதும் கடல்நீரோ அதே பரப்பில் ஏறத்தாழ 1,300 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும், ஐம்பது மடங்குக்கும் மேல். இதைத் தாங்கும்படி 25 மில்லிமீட்டர் எஃகுக் குழாயைத் தளத்தில் இறுக்கினால், குழாய் வளையும், அல்லது திருகாணியோடு தளமே பெயர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கும். அதனால் புயலுக்கு முன் மறைப்பை முன்பக்கமாக மடக்கித் தளத்தோடு கட்டிவிடுகிறார்கள். மடக்க நேரமில்லாவிட்டால், துணியோ அதன் பிணைப்போ முதலில் விட்டுக்கொடுத்துத் தளத்தைக் காப்பாற்ற வேண்டும்.

பழைய படகுகளிலும் இதற்குச் சான்று உண்டு. 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் தனியர் (படகுக்கு ஒருவரே செல்லும்) அட்லாண்டிக் போட்டியில், 48 நாட்களில் இரண்டாவதாக வந்தவர் பிளாண்டி ஹாஸ்லர். 25 அடி நீளமுள்ள தம் ஜெஸ்டர் படகில் காக்பிட்டையே மூடிவிட்டு, நடுவே ஒரு வட்டத் திறப்பும் அதன்மேல் மடங்கும் மறைப்பும் வைத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே பாயை ஏற்றி இறக்கினார். மடங்குவதால்தான் அது அவருக்குப் பயன்பட்டது.

எனக்குத் தெரிந்த குஷன் கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் இரண்டு வளைவுகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “முக்காடு மாதிரிங்க. வாய்ப்பக்கம் தொறந்திருக்குது, வேணாம்னா அந்தாண்ட தள்ளிக்கலாம்” என்றார். திறப்பு ஒரு புறம், மடக்கு அதற்கு எதிர்ப்புறம் என்ற முழு இயக்கமும் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. முக்காடு வெட்கத்தையும் துக்கத்தையும் நினைவூட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். மழையில் ஆடு மேய்ப்பவர் கம்பளியை இழுத்துப் போட்டுக்கொள்வதும் முக்காடுதானே? எனவே துணியால் ஆகி மடங்குவதற்குச் சாரல் முக்காடு என்றும், ஒட்டுப்பலகையாலோ கண்ணாடியிழையாலோ செய்து நிலையாகப் பொருத்துவதற்குச் சாரல் கூண்டு என்றும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். புணர்த்திச் சாரன்முக்காடு என்று எழுத விரும்பும் புலவர்களை வேண்டிக்கொள்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இந்தப் பிரிவினை ஆங்கிலத்தில் உள்ள ஒரு குழப்பத்தையும் தவிர்க்கும். பிரிட்டனில் டாட்ஜர் என்றால் காக்பிட்டின் இருபுறமும் காப்புக்கம்பியில் கட்டும் துணி. அமெரிக்காவிலோ அது நம் சாரல் முக்காடு. பக்கவாட்டுத் துணிக்கு நாம் பக்கத்தட்டி என்று சொல்லிவிட்டால் எந்த நாட்டு நூலைப் பார்த்து எழுதினாலும் தடுமாற்றம் வராது. வெயிலுக்காகக் காக்பிட்டின்மேல் விரிக்கும் பிமினிக்கு நிழற்பந்தல் போதும். அறைக்குள் இறங்கும் திறப்பின் ஆங்கிலப் பெயரான கம்பேனியன்வே என்பதைத் துணைவழி என்று பெயர்த்திருப்பதையும் கைவிடலாம். அது டச்சு மொழியில் கப்பலின் பின்மேல்தளத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, துணைக்கும் தோழமைக்கும் அங்கே இடமில்லை. இறங்குவாய் என்ற மாற்று, இறங்கச் சொல்லி ஆணையிடுவதுபோல ஒலிக்கிறது. இறங்குவழி என்றே இருக்கட்டும்.

உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடைகளில் புழங்கும் சொற்களே போதும்: ஜிப், பிரஸ் பட்டன், நூல். நூலைப் பற்றி மட்டும் கையேட்டில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். அக்ரிலிக் துணி நன்றாக இருக்கும்போதே பாலியெஸ்டர் தையல் வெயிலில் இற்றுவிடும், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல் விலை அதிகம், ஆனால் வெயில் அதைத் தின்னாது. பார்வைத்துணியில் உப்புப் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தால் கீறிவிடும் என்பதையும், முதலில் நன்னீர் ஊற்ற வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கலாம். பின்வளைவுக்குக் கைப்பிடி வளைவு என்று பெயரிடப் பரிந்துரைக்கிறேன். படியேறி வெளியே வருபவர் எவரும் முதலில் அதைத்தான் பற்றுவார், ஆகவே ஓர் ஆளின் எடையைத் தாங்கும்படி அதற்கு இருபுறமும் முட்டுக்கம்பி கொடுக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

முன்விளிம்பு இன்னும் முடிவாகவில்லை. முக்காட்டுத் துணியின் அடி, தளத்தில் நேராக உட்காராது; இறங்குவழியின் மூடிக்கு முன்னால் குறுக்கே எழுப்பிய ஒரு கட்டையில் பொருந்தும். அக்கட்டை இல்லாவிட்டால் தளத்தில் ஓடிவரும் நீர் துணிக்கு அடியில் நுழையும். அதை வரப்பு என்றும், தேங்கும் நீர் வழிய அதன் இரு கோடியிலும் விடும் துளைகளை மடை என்றும் எழுதியிருக்கிறேன். பாயேற்றும் கயிறுகள் வரப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் ஓட்டைகளுக்கு மட்டும் சொல் அமையவில்லை; மடை என்றே விட்டால் தண்ணீருக்கு விட்ட துளையில் கயிற்றைக் கோத்துவிடுவார்கள். கயிற்றுக்கண் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் வெட்டுப்படத்தில் அதையே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து