வாசிப்பு வட்டத்துக்கு என்னென்ன நூல்கள் வைக்கலாம்?

தென்காசி வாசகி:
எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நூல் வாசிக்கிறோம். காதல் கதை என்றாலே பணக்கார நாயகன், சிவந்த நாயகி என ஒரே அச்சில் வருவது சலித்துவிட்டது. பலதரப்பட்ட மனிதர்கள் இடம்பெறும் காதல், கவிதை, உடல்நல நூல்களைப் பரிந்துரைப்பீர்களா?

பாளையங்கோட்டைக்காரர்:
நம் பக்கத்துத் திப்பணம்பட்டியில் பிறந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யில் தொடங்குங்கள், தங்கச்சி. பொறியியல் மாணவன் சுயம்பு, மேகலை என்னும் திருநங்கையாக மாறும்போது வீடும் ஊரும் நடந்துகொள்ளும் விதத்தை அந்நாவல் கூசாமல் காட்டுகிறது. ஆயினும் அது வெளியே நின்று எழுதப்பட்டது என்பதால், திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான், வித்யா'வையும் உடன் வாசித்தால்தான் அந்த வாசிப்பு முழுமை பெறும்.

வள்ளியூர் ஆசிரியை:
கவிதைக்குச் சல்மா, சுகிர்தராணி, குட்டி ரேவதி ஆகிய மூவர் போதும். காதலுக்கோ குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இருக்கிறது. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று, இரு தாய்மாருக்குள் எந்த உறவும் இல்லாததையே பெருமையாகச் சொல்லும் அந்தக் காதலன், சாதகத்துக்கு முன்பே சாதியை விசாரிக்கும் நம் வரன் தேடலில் முதல் சுற்றையே தாண்டமாட்டான்!

பாளையங்கோட்டைக்காரர்:
உடல்நல நூல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எழுதியவர் முறையாக மருத்துவம் பயின்றவரா என்று பின்னட்டையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மனச்சோர்வால் தவிப்பவர் எவரேனும் வட்டத்தில் இருந்தால், புத்தகத்தோடு நிறுத்தாமல் டெலி மானஸ் என்னும் அரசு மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.