கெமோமில் பூவைக் கொதிக்க வைத்தால் கசக்கிறது, எப்படிச் சமைப்பது?

அம்பைக்காரி:

ஜெர்மனியில் இருக்கும் மகள் போன மாதம் வந்தபோது, காய்ந்த கெமோமில் பூ 100 கிராம் பாக்கெட் இரண்டு வைத்துவிட்டுப் போனாள். டீ பை இல்லை, முழுப் பூ. நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றி நொறுங்கிய வெள்ளை இதழ். பாக்கெட்டைப் பிரித்தால் வைக்கோலுக்குள் பழுத்த ஆப்பிளைப் பொதிந்து வைத்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எங்கள் அத்தைக்கு 78 வயது. ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். "ஆச்சிக்குப் போட்டுக் கொடுங்கம்மா, நல்லாத் தூங்குவாங்க" என்று மகள் சொல்லியிருந்தாள். நானும் சுக்குக் காபிக்கு வைக்கிற மாதிரியே தண்ணீர் வைத்து, ஒரு கைப்பிடி பூவும் கருப்பட்டியும் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விட்டேன். ஒரே கசப்பு. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏட்டி, நிலவேம்பா இது?" என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஆப்பிள் வாசமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இதைச் சரியாகப் போடுவது எப்படி? டீ தவிர நம் சமையலில் வேறு எதிலாவது சேர்க்க முடியுமா? பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வந்தது. வீணாக்க மனசு வரவில்லை.

வண்ணார்பேட்டை:

அக்கா, இது நம்ம சிவந்திப் பூ மாதிரிதானே இருக்கிறது? பூக்கடையில் வாங்கிக் காயவைத்தாலும் இதே ருசி வருமா? நான் ஆவாரம்பூவை அப்படித்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன், நன்றாக இருக்கிறது.

தென்காசிச் சாரல்:

வண்ணார்பேட்டை தம்பி, அது வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு செடி. சீனாவில் ஒருவகைச் சாமந்தியை டீயாகக் குடிக்கிறார்கள். அதைக் குடிப்பதற்கென்றே வளர்க்கிறார்கள். மாலை கட்ட வருகிற பூ சாப்பிடுவதற்காக விளைவது இல்லை. அதில் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

அக்கா, நான் ஜெர்மனியில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே வயிறு சரியில்லை என்று சொன்னால் முதலில் கையில் கொடுப்பது கெமோமில் டீதான். எனக்கும் ஆரம்பத்தில் அது காய்ச்சல்காரர் குடிக்கிற தண்ணீராகத்தான் தெரிந்தது. பிறகுதான் அதன் மேல் பிரியம் வந்தது.

கொதிக்க வைத்ததுதான் உங்களுக்குக் கெடுத்தது. வாசம் முழுக்கப் பூவில் இருக்கிற எண்ணெயில் இருக்கிறது, கொதித்தால் ஆவியோடு போய்விடும். கசப்பு மட்டும் தண்ணீரில் இறங்கி நிற்கும். (அந்த ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுப்பார்கள். வெள்ளையும் மஞ்சளுமான பூவிலிருந்து வருகிற எண்ணெய் நல்ல நீலமாக இருக்கும். பூவில் உள்ள ஒரு பொருள் அந்தச் சூட்டில் நீலமாக மாறிவிடுகிறது.) அதனால் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து இறக்கிவிடுங்கள். 150 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி பூ, அதாவது 3 கிராம் போதும். போட்டதும் தட்டால் மூடுங்கள். மூடுவதுதான் முக்கியம். ஐந்து நிமிஷத்தில் ருசி பாருங்கள், பத்தைத் தாண்ட வேண்டாம். வடிகட்டும்போது பூவைப் பிழியாதீர்கள்.

கருப்பட்டி எனக்கும் உயிர்தான். ஆனால் அதன் வாசத்துக்கு முன்னால் இந்தப் பூ நிற்காது. பனங்கற்கண்டோ கொஞ்சம் தேனோ போதும்.

சமையலுக்கு வருவோம். பாலில் இது அருமையாக இறங்கும், வாசத்தைப் பாலின் கொழுப்பு பிடித்துவைத்துக்கொள்ளும். அரை லிட்டர் பாலை ஓரத்தில் நுரை கட்டுகிற அளவுக்குச் சுடவைத்து அடுப்பை அணையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பூ போட்டு மூடி, பத்து நிமிஷம் கழித்துத் துணியில் வடிகட்டுங்கள். ஜவ்வரிசியைத் தண்ணீரில் கண்ணாடி மாதிரி வேகவைத்து, சர்க்கரை கரைந்ததும் கடைசியாக இந்தப் பாலை ஊற்றி, ஒரு சூடு ஏறியதும் இறக்கிவிடுங்கள். ஏலக்காய் போடவே கூடாது. நெய்யில் வறுத்த முந்திரி நாலைந்து போதும். நம்ம ஊர்ப் பாயசத்தில் கை தானாக ஏலக்காய் டப்பாவுக்குப் போகும், அதைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சொதியில் போட்டுப் பார்க்கலாமா என்று எனக்கும் ஒருநாள் ஆசை வந்தது. தேங்காய்ப்பால் இருக்கிறதே என்று செய்தும் பார்த்தேன். இஞ்சிச் சாறும் பூண்டும் சேர்ந்ததும் பூ இருந்த தடமே இல்லை. பூதான் வீண்.

ஆப்பிள் வாசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பூவின் பேரே அதுதான். பழைய கிரேக்கத்தில் 'தரை ஆப்பிள்' என்ற பொருளில் வைத்த பேர்தான் கெமோமில் ஆயிற்று. ஸ்பானிய மொழியில் மான்சனில்லா என்பார்கள், குட்டி ஆப்பிள். ஆப்பிளைத் தோல் சீவித் துண்டாக்கி இந்த வடிகட்டிய நீரிலேயே பனங்கற்கண்டோடு குழைய வேகவைத்துப் பாருங்கள். பல்லில்லாதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும்.

பாளை செவிலி:

அக்கா, சமைப்பதற்கு முன்னால் அத்தையின் மருந்துச் சீட்டை ஒருமுறை பாருங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இதைக் கொடுக்க வேண்டாம். கனடாவில் வார்ஃபரின் எடுத்துவந்த 70 வயது அம்மா ஒருவர் கெமோமில் டீயும் குடித்து, அதே பூ சேர்த்த லோஷனும் தடவியதில் உடலுக்குள்ளே ரத்தக்கசிவு ஆகி மருத்துவமனைக்கு வந்ததை 2006இல் அங்குள்ள மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். பார்த்தீனியம் பக்கம் போனாலே தும்மலும் அரிப்பும் வருகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் இதே குடும்பம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் போட்ட எதையும் கொடுக்கக் கூடாது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது தூக்க மாத்திரை மாதிரி வேலை செய்யாது, லேசாக அமைதிப்படுத்தும், அவ்வளவுதான். அத்தை சாயங்காலம் காபி குடிப்பாரா?

அம்பைக்காரி:

குடிப்பாரே! ஏழு மணிக்கு ஒரு தம்ளர், திக்காக. இத்தனை நாளில் அதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் மாத்திரை ஒன்றுதான், கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றார். அப்புறம் சாரல் அண்ணாச்சி சொன்னபடி அளந்து போட்டுத் தட்டு மூடினேன். ஆறு நிமிஷம் கழித்துத் தட்டைத் திறந்ததும் அடுக்களை முழுக்க பாக்கெட்டில் இருந்த அதே வாசம். ஏழு மணிக் காபியை நிறுத்திவிட்டு எட்டு மணிக்கு இதைக் கொடுத்தேன். முதல் நாள் காபி எங்கே என்று கோபம். மூன்றாம் நாள் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது இரண்டு மணி என்பது நாலு மணியாகியிருக்கிறது. காபியை நிறுத்தியதாலா, பூவாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அத்தைக்கு ரொம்பப் பிடித்தது ஆப்பிள்தான். பல் கட்டியதிலிருந்து பழம் என்றாலே வேண்டாம் என்பவர், ஒரு கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டார். பாயசம் ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். ஏலக்காய் போடவில்லை அண்ணாச்சி. வீட்டுக்காரர் இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, இதில் என்ன பூ என்று கேட்டார்.

இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. எத்தனை மாதம் தாங்கும்?

தென்காசிச் சாரல்:

இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். அந்த ஆப்பிள் வாசம் இருக்கிறவரைக்கும் போடலாம்.