இரவு வேலையில் கேட்ட ஜோ ஸ்ட்ரம்மர்

தொண்ணூறுகளின் நடுவில் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவர் ஒரு வெள்ளைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இளமையில் பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காரர்களோடு திரிந்தவர். 1978 ஏப்ரல் 30 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரை இனவெறிக்கு எதிராகப் போன ஊர்வலத்தில் நடந்து, அங்கே 'த கிளாஷ்' என்ற பங்க் குழு பாடியதை நேரில் பார்த்தவர். அதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். எங்கள் நிறத்து ஆட்களைத் தெருவில் துரத்தி அடித்த காலம் அது. அன்று எங்கள் பக்கம் மேடையேறி நின்று பாடியவர்களில் அந்தக் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் ஒருவர்.

ஒருநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து தந்தார். ஸ்ட்ரம்மரின் 'எர்த்குவேக் வெதர்' ஆல்பம், 1989. "கிளாஷ் எல்லாம் கேட்டுவிட்டாய், இதையும் கேள். ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்லாதே" என்றார்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1983இல் கிளாஷின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸை வெளியே அனுப்பினார்கள், 1986க்குள் குழுவே இல்லை. அப்புறம் ஸ்ட்ரம்மர் சில படங்களுக்கு இசையமைத்தார், நடித்தார். அதையெல்லாம் விட்டால், தனியாளாக அவர் போட்ட முதல் ராக் ஆல்பம் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில், அமெரிக்கக் கலைஞர்களோடு, 14 பாட்டு.

விடியற்காலை பஸ்ஸில் வாக்மேனில் போட்டேன். கிட்டார் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது, குரல் எங்கோ அடியில் கிடக்கிறது. ஹெட்போன் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். வயரை முறுக்கிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினால் கிட்டாரும் சேர்ந்து ஏறுகிறது. கிளாஷில் எச்சில் தெறிக்கக் கத்திய மனிதர், இங்கே பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலப் பாடுகிறார். எனக்குக் கோபமே வந்தது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, இரவு மூன்று மணி, வண்டி ஒன்றும் வரவில்லை. கவுண்டருக்கு அடியில் இருந்த பழைய பிளேயரில் போட்டோம். 'லெப்பர்ட்ஸ்கின் லிமூசீன்ஸ்' வந்தது, மெதுவான பாட்டு. குளிர்பெட்டியின் இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்பதால் இருவரும் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனோம். அப்போதுதான் அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்குப் பிடிபட்டது. பழைய ஜமேக்கப் பாட்டான 'ரைட் யுவர் டாங்கி' வந்ததும் அவர் கவுண்டரில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆல்பம் விற்கவில்லை, விமர்சகர்களும் குரல் அமுங்கியதைக் குறையாகத்தான் சொன்னார்கள். குறைதான். ஆனால் நண்பனை அனுப்பி, குழுவையும் இழந்து, அட்டையில் தன் பெயரை மட்டும் போட நேர்ந்த ஒருவருக்கு முன்னால் வந்து நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. கிளாஷின் நல்ல ஆல்பங்களை நான் மதிக்கிறேன், ஆனால் இரவில் தனியாக இருக்கும்போது கை இந்தக் கேசட்டுக்குத்தான் போகும்.

ஸ்ட்ரம்மரின் அடுத்த ஆல்பம் வரப் பத்து வருடம் ஆனது. 1999இல், மெஸ்கலேரோஸ் குழுவோடு. அதற்குள் நான் அந்த வேலையை விட்டிருந்தேன். வாங்கிவந்த அன்றே போட்டேன். முதல் பாட்டுக்கு அப்போதைய அர்செனல் கால்பந்து அணிக் கேப்டன் டோனி ஆடம்ஸின் பெயர். குரல் முன்னால் வந்து நின்றது. பாட்டு முடியும்வரை பொறுக்காமல், அன்று கேசட் தந்த நண்பருக்கு போன் போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பிடித்தேன்.