மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்: 42 ஆட்டங்களோடு நின்றுபோனது ஏன்?

கேள்வி:
1884-இல் அமெரிக்காவின் டொலீடோ ப்ளூ ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணியின் கேட்சராக (எறியப்படும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பிடிப்பவராக) இருந்த வாக்கர், அன்று மேஜர் லீகாக (உச்சநிலைத் தொழில்முறை லீகாக) விளங்கிய அமெரிக்கன் அசோசியேஷனில் 42 ஆட்டங்கள் மட்டுமே ஆடியுள்ளார். அவருடைய பேட்டிங் சராசரியான (மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் விகிதமான) .263, அந்த லீகின் பொதுச் சராசரியைவிட மேலானது. அப்படிப்பட்டவர் அதன்பின் மேஜர் லீகுக்குத் திரும்பாததற்குக் காயம் காரணமா, அவர் கறுப்பினத்தவர் என்பது காரணமா?

மறுமொழி:
உடனடிக் காரணம் காயம்தான். இன்றுள்ள தடித்த கையுறையும் கால்கவசமும் அக்காலக் கேட்சர்களுக்குக் கிடையாது. ஜூலையில், மட்டையில் உரசி வந்த பந்து பட்டு அவருடைய விலா எலும்பு முறிந்தது. செப்டம்பரில் அணி அவரை விடுவித்தது. சீசன் முடிந்ததும் டொலீடோவே லீகில் இடமிழந்தது. ஆனாலும் காயத்தோடு விடையை முடித்துவிட என்னால் இயலவில்லை. ஏனெனில் அவர் நியூவார்க், சிரக்யூஸ் உள்ளிட்ட மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை லீக்) அணிகளுக்கு 1889 வரை ஆடினார். உடல் ஒத்துழைத்த அந்த ஆண்டுகளில் எந்த மேஜர் லீக் அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே டொலீடோ அணியில் 5 ஆட்டங்கள் ஆடிய அவருடைய தம்பி வெல்டிக்கும் மறுவாய்ப்புக் கிட்டவில்லை.

மறுமொழி:
அவர் களத்தில் பட்ட பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டொலீடோவின் முதன்மைப் பிட்ச்சரான (பந்து எறிபவரான) டோனி மல்லேன், தமக்கு வாய்த்த கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர் என்றும், கறுப்பினத்தவரிடம் தமக்கிருந்த வெறுப்பினால், எந்த வகைப் பந்தை எறிய வேண்டும் என்று வாக்கர் காட்டிய சைகைகளைப் பொருட்படுத்தாமல் விரும்பியபடி எறிந்ததாகவும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எந்த வகைப் பந்து வரும் என்று அறியாமலேயே அதைப் பிடிக்க வேண்டியிருந்த ஒருவரின் கணக்கில் ஏறிய பிழைகளை, மற்ற கேட்சர்களின் பிழைகளோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமன்று.

மறுமொழி:
சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சனையும் மறக்கலாகாது. 1883-இல் டொலீடோவில் நடந்த காட்சி ஆட்டத்தில் (லீக் கணக்கில் சேராத ஆட்டத்தில்) வாக்கருடன் ஆட மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார். நுழைவுக் கட்டண வருவாய் கைவிட்டுப் போகும் என்றானதும் ஆடினார். 1887 ஜூலை 14 அன்று, வாக்கர் அப்போது ஆடிவந்த மைனர் லீகான இன்டர்நேஷனல் லீக், கறுப்பின வீரர்களோடு இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என வாக்கெடுத்து முடிவு செய்தது. மேஜர் லீகிலோ அத்தகைய எழுத்துமூலத் தீர்மானம் எதுவுமின்றியே, 1947-இல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின் அணிக்கு ஆடும் வரை அந்தத் தடை நீடித்தது.