அப்பா பதினாறாம் நாள் (நம்ம வீட்டு குரூப், டர்பன், தென்னாப்பிரிக்கா)

சின்னக்கா: ஞாயித்துக்கெழமைக்கு படையல் லிஸ்ட் போடறேன் எல்லாரும் பாருங்க. கோழி, ஆட்டுக்கறி, வடை, பாயாசம், அப்பாவுக்கு புடிச்ச பீன்ஸ் குழம்பு நான் பாத்துக்கறேன். ஷாட் மீன் வறுவல் யாரு பண்றீங்க?

பெரியண்ணன்: அக்டோபர்ல ஷாட்டா?

டொங்காட் அத்தை: ஏன் அக்டோபருக்கு என்னவாம். அண்ணனுக்கு ஷாட் இல்லாம படையலா, வறுக்கற வாசன வந்தாலே குளிக்காம கூட வந்து தட்டு முன்னாடி உக்காருவாரு

பெரியண்ணன்: அத்த அக்டோபர் நவம்பர் ரெண்டு மாசமும் ஷாட் புடிக்கவே கூடாது, அப்பாவே சீசன் முடிஞ்சதும் தூண்டில் கம்ப தொடச்சி மேல ஏத்திடுவாரு

சின்ன தாத்தா (அப்பாவோட தம்பி, எங்களுக்கு சித்தப்பா): இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான்: சித்தப்பா நாங்க பாத்துட்டோம் 😂 ஷாட்டுக்கு ப்ளூ லகூன்ல மீன் புடிக்கற தெரிஞ்ச ஆள் கிட்ட எல்லாம் சொல்ல வேணாம்

பெரியண்ணன்: அப்பா இருந்திருந்தா இன்னிக்கு சித்தப்பாவுக்கு நல்லா விழுந்திருக்கும். ஞாபகம் இருக்கா, கம்போட அடியில 30 சென்டிமீட்டருக்கு ஒரு செவப்பு கோடு இருக்கும், அம்மாவோட நெயில் பாலிஷ எடுத்து போட்டது. மீன அதுல வச்சி அளந்து ஒரு நகம் அளவு கொறஞ்சா கூட தண்ணியில விட்டுடுவாரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4தான், அஞ்சாவது கடிச்சாலும் விட்டுட்டு வாடா போலாம்னு கெளம்பிடுவாரு. நான் முதல்ல புடிச்ச ஷாட்ட அப்படித்தான் விட்டாரு, நான் வண்டியில வீடு வரைக்கும் அழுதேன்

அண்ணன் மகன்: ஆனா தாத்தாவே சின்ன வயசுல வெள்ளக்காரங்க பீச்ல எறங்கி குளிச்சி போலீஸ் தொரத்துச்சுன்னு சொல்லுவாரே. அப்ப ரூல் பாக்கலயா

சின்ன தாத்தா: அட அது வேற கதடா. நாங்க மேகசின் பேரக்ஸ் பசங்க, முனிசிபாலிட்டி ஆளுங்க குடியிருப்பு அது, எங்கப்பாவுக்கு அங்கதான் வேல, சொம்ட்சூ ரோட்டுலேந்து கடலுக்கு நடந்தே போயிடலாம், ஆனா எங்க நிக்கணும் எங்க குளிக்கணும்னு போர்டு போட்டு வச்சிருப்பான், உங்க தாத்தன் போர்டுக்கு அந்தப் பக்கம் போயி வேணும்னே முங்கிட்டு வருவான், நான் துணிய புடிச்சிட்டு ஓடறதுக்கு ரெடியா நிப்பேன். அப்புறம் எந்த இனத்துக்காரன் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம்னு சொல்லி 60கள்ல எங்க எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு தூக்கி போட்டான், வீட்டு வாசல்ல நின்னா மலையும் செவப்பு மண்ணும்தான், கடல் எந்தப் பக்கம்னே தெரியாது. எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல, ஆனா அண்ணன் தவிச்சி போயிட்டான். வேல முடிஞ்சி வந்து கம்ப பஸ்ஸுக்குள்ள சாய்ச்சி வச்சிட்டு கடலுக்குள்ள நீட்டி கட்டின நார்த் பியருக்கு மீன் புடிக்க போவான், கடைசி பஸ்ஸ விட்டுட்டா கல்லுலயே படுத்துட்டு காலையில வருவான். 1989ல தான் பீச் எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க. நீ கேட்ட அதே கேள்விய நானும் ஒரு நாள் கேட்டேன், அப்ப மட்டும் போர்ட மதிக்கல இப்ப ஏன் மீனுக்கு இவ்ளோ சட்டம் பேசறேன்னு. அது தோலப் பாத்து போட்ட சட்டம், இது ஷாட் முட்ட போடற நேரத்துல அத விட்டு வைன்னு போட்ட சட்டம், ரெண்டையும் ஒண்ணா பேசினா கன்னத்துல போடுவேன்னான்

டொங்காட் அத்தை: அண்ணன் அப்படித்தான் பேசும்

அம்மா: பிரீசர்ல மத்தி இருக்கு. ஜூலைல அவர் கொண்டாந்தது. அத வைங்க போதும்

சின்னக்கா: சரிம்மா. மத்தி குழம்பு, புளி தூக்கலா

அண்ணி: அந்த மத்திக்கு நான்தான் சாட்சி. யாரோ போன் பண்ணாங்க, மத்தி கரைக்கு வருது, பறவைங்க தண்ணியில குத்துது, ஷார்க்ஸ் போர்டு சுறா வலைய எல்லாம் தூக்கிட்டாங்கன்னு. அவ்ளோதான், மாமா டீ கூட குடிக்கல, பக்கி (பிக்கப்) வண்டிய எடுத்துட்டு ஸ்காட்பர்க் பக்கம் கெளம்பிட்டாரு, நானும் நைட்டி மேல ஜெர்சிய போட்டுட்டு ஏறிட்டேன். அங்க வலை இழுத்ததும் ஜனங்க பாவாடைய தூக்கி கட்டிட்டு பக்கெட்டோட பாயறாங்க, தள்ளுமுள்ளு, எனக்கு பயம். மாமா ஓரமா நின்னு வலைக்காரங்க கிட்ட காசு குடுத்து ஒரு க்ரேட் வாங்கிட்டு வந்தாரு. இலவசமா அள்ளலாமே மாமான்னா, வலை அவங்களோடது கூலிக்கு இழுக்கறான் பாவம்ங்கறாரு

டொங்காட் அத்தை: ரிட்டையர் ஆனதும் ட்ராக்கன்ஸ்பெர்க் மலைக்கு கூட்டிட்டு போனாரே அத யாரும் சொல்லலியே. துகேலா அருவி 900 மீட்டருக்கு மேல விழுது வா பாக்கலாம்னு சொல்லி, என்ன சேலையும் செருப்புமா கல்லு கல்லா தாண்ட வச்சாரு. பாதியில உக்காந்துட்டேன். அருவி தூரத்துல வெள்ள நூலு மாதிரி தெரிஞ்சுது, அதுக்குத்தான் இவ்ளோ நடயான்னேன், கோவமே வரல, பையிலேந்து ரொட்டி உருளக்கெழங்கு எடுத்து குடுத்தாரு

பக்கத்து வீட்டு மாமா: சில்வர்க்ளென் காட்டுல சனிக்கெழம காலையில தெரு பசங்க எல்லாரையும் நடக்க கூட்டிட்டு போவாரு. எம் பசங்க இன்னும் மரத்தோட பேர் சொல்றாங்க. சாப்பாட்ட கொரங்கு புடுங்கிட்டு போனா கொரங்குக்குத்தான் சப்போர்ட்டு

அண்ணன் மகன்: தாத்தா கம்பு எனக்கு வேணும். யாராச்சும் கேட்டாங்களா?

அம்மா: உனக்குத்தான் கண்ணு

பெரியண்ணன்: மொதல்ல போஸ்ட் ஆபீஸ்ல மீன் பர்மிட் எடு, அப்புறம் கம்ப தொடு. தாத்தா ஒவ்வொரு வருசமும் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு தொப்பிக்குள்ள வச்சிருப்பாரு

அண்ணன் மகன்: ஓகேப்பா. சின்ன தாத்தா நீங்களும் டிசம்பர்ல வாங்க, உங்க பர்மிட் இருக்குல்ல?

சின்ன தாத்தா: வண்டி ஓட்டிட்டு இருக்கேன் அப்புறம் பேசறேன்